கிளி திரும்பிப் போகும் இடம்

யூலை 8, செவ்வாய்

விடியற்காலையிலிருந்தே சோழகக் காற்று. முற்றம் முழுவதும் வேப்பஞ்சருகு. நீர்ப்பம்பி மீண்டும் காற்று இழுக்கிறது. வாஷர் வாங்கவேண்டும். வாங்கவில்லை.

கல்லூரியில் மூன்றாம் விரிவுரை முடிந்து வெளியே வந்தபோது கணக்கியல் பிரிவுச் செல்வராசா வாசலில். கையில் அழைப்பிதழ். மினுங்கும் தாள், பொன்னிறக் கரை.

"சேர், அடுத்த மாதம் எங்கடை நேசன் அண்ணை கனடாவிலையிருந்து வாறார். பழைய மாணவர் சங்கம் பாராட்டு விழா வைக்குது. நீங்கள் அந்தக் காலத்திலை அவரோடை ஒண்டாத் திரிஞ்சனீங்கள் எண்டு கேள்வி. வாழ்த்துரை உங்களுக்குத்தான் போட்டிருக்கிறம்."

"என்னைக் கேட்காமலோ?"

"நீங்கள் மாட்டன் எண்டே சொல்லப்போறியள்!"

நின்ற இடத்திலேயே வாசித்தேன். 'கிளித்தட்டு' என்னும் கணினி விளையாட்டைத் தனியொருவராக உருவாக்கியவர். யாழ்ப்பாணம் பெற்றெடுத்த கணினி விளையாட்டின் தந்தை. உலக விளையாட்டுத் தரவுத்தளத்தில் பெயர் பொறிக்கப்பெற்றவர்.

தனியொருவராக.

மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். "பார்ப்பம்" என்றேன். குரல் சீராகவே இருந்தது. எனக்குக் கோபம் வரும்போது கை நடுங்குவதில்லை. கையெழுத்து இன்னும் வடிவாகும். இந்தப் பக்கமே சாட்சி.

பதிவுக்காக. அந்த யுத்த நாட்களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. நேசனின் தகப்பனார் தனியார் வகுப்புகள் நடத்திய ரியூற்றரியில் ஒரு கணினி இருந்தது. அதை ஓட்ட ஒரு ஜெனறேற்றர். பெற்றோலைச் சொட்டாக விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நாங்கள் மூவர். நேசன், நான், கௌரி. கௌரி அப்போது என் மனைவியல்லள். நிரலைப் பென்சிலால் கொப்பியில் எழுதிக்கொண்டு சைக்கிளில் வந்து, தட்டச்சுச் செய்து, ஓடவிட்டுப் பார்த்து, ஒரு சொல்லும் கதையாமல் போகிற மாணவி. மண்ணில் கோடு கீறி, கோட்டில் நின்று துரத்தும் 'கிளி'யிடம் அடிபடாமல் கட்டம் கட்டமாகக் கடக்கும் எங்கள் ஊர் ஆட்டம் கிளித்தட்டு; அதைக் கணினியில் ஓடவைப்போம் என்று சொன்னவள் அவள்தான். நேசன் வெளிநாடு போகும்போது விளையாட்டைப் பதிந்த பிளொப்பித் தட்டை எடுத்துக்கொண்டு போனான். பிறகு இடப்பெயர்வு. கொப்பிகள் போயின, ரியூற்றரி போயிற்று.

நேசன் இனி இந்தக் குறிப்பில் 'நே.' முழுப்பெயருக்கு இங்கே இடம் தரும் எண்ணமில்லை.

கௌரிக்கு அழைப்பிதழைக் காட்டவில்லை. தவணைப் பரீட்சைத் தாள்கள் திருத்துகிறாள்; அவள் படிப்பிக்கும் மருதனார்மடத்துப் பிள்ளைகள் இம்முறை கேத்திர கணிதத்தில் படுமோசமாம்.


யூலை 9, புதன்

காற்று அடங்கவில்லை. சிவப்புப் பேனை மூன்று, வாஷர் (மறந்தேன்), பாண்.

தரவுத்தளத்தைப் பார்த்தேன். உலகத்தில் வெளிவந்த வீடியோ விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். எழுதுபவர்கள் யாரோ எவரோ. எவரும் கணக்குத் திறந்து எழுதலாம், திருத்தலாம். பொழுது போகாதவர்களின் குப்பைத்தொட்டியாக இருக்கும் என்ற எண்ணத்துடனேயே திறந்தேன்.

எங்கள் பக்கம் இருக்கிறது. திரையின் படம் இருக்கிறது. பச்சைக் கோடுகள், கட்டங்கள், நடுவில் நடுக்கோடு. நான் புள்ளி புள்ளியாகக் கீறிய தமிழ் எண்கள். கதிரையில் நேராக இருந்துகொண்டேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தப் பச்சை.

ஜேர்மனியில் யாரோ பழைய கணினித் தட்டுகள் நிறைந்த பெட்டியொன்றை வாங்கியிருக்கிறார். அதற்குள் இது. எந்த மொழியென்று தெரியாமலே பிரதி எடுத்து ஏற்றியிருக்கிறார். பெயரை இயந்திரத்திடம் கொடுத்து மொழிபெயர்த்திருக்கிறார்கள்: 'கிளி வைத்த உணவுத் தட்டு.' வகை: பறவைகள், சமையல். இதைச் சிரித்துக் கடந்துவிட்டேன். அறியாதவன் செய்த தவறுக்குக் கோபிக்க முடியாது.

அடுத்தது அப்படியல்ல. 'உருவாக்கம், நிரலாக்கம், படங்கள், விதிகள்: நே.' நான்கிலும் அவன் ஒருவனே. அதன் கீழ் 'அறியப்பட்ட பிழைகள்' என்றொரு பகுதி:

"ஆட்டக்காரரின் உருவம் கட்டத்தின் மூலையில் மோதினால் சிமிட்டுகிறது. கிளி துரத்துவதை விட்டு நடுக்கோட்டின் தலைப்புக்குத் திரும்பி, அங்கே இருமுறை மின்னிவிட்டு மீண்டும் வருகிறது. சில வேளைகளில் இவ்வாறு நிகழ்வதில்லை. காரணம் தெரியவில்லை."

அதனடியில் நே.யின் விளக்கம்: "உருவாக்கியவன் என்ற முறையில் உறுதிப்படுத்துகிறேன். அக்காலக் கணினியின் நினைவகம் போதாமையால் வந்த பிழை. திருத்த நேரம் கிடைக்கவில்லை."

கிளி திரும்பிப் போவது எனக்கும் நினைவிருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கௌரி ஒரு பிழையை விட்டுவிட்டுப் போகிற ஆளல்ல. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கூட்டற் கணக்கையும் மறுபடி கூட்டிப் பார்க்கிறவள்.


யூலை 10, வியாழன்

கணக்குத் திறந்தேன். எல்லோரும் புனைபெயரில் இருக்கிறார்கள். நான் முழுப்பெயரையும் பட்டத்தையும் இட்டேன். 'நிரலாக்கம்: கௌரியும் நானும்' என்று திருத்தினேன். சமையலையும் நீக்கினேன்.

மாலைக்குள் பதில். சமையலை நீக்கியதற்கு நன்றி. மற்றது நிராகரிப்பு. "சம்பந்தப்பட்டவரின் வாய்மொழி மட்டும் சான்றாகாது."

அப்படியானால் நே.யின் வாய்மொழி எப்படிச் சான்றாயிற்று என்று கேட்டு எழுதினேன். இலக்கணப் பிழையில்லாத, மரியாதை பிசகாத, ஐஸ் போன்ற ஆங்கிலம். எழுதி முடித்து இரண்டு தரம் வாசித்தேன். நல்ல கடிதம்.

ஒரு மணித்தியாலத்தில் பதில். எழுதியவர் பின்லாந்துக்காரர். புனைபெயரின் பொருள் பாசி. ஆணோ பெண்ணோ தெரியாது. 'பாசி' என்றே எழுதுகிறேன். பதில் முழுவதும் இவ்வளவுதான்: "நீங்கள் சொல்வது சரி. அப்போது எவரும் மறுக்காததால் ஏற்றோம். அது எங்கள் தவறு. இன்றிலிருந்து அவருடைய பெயரும் 'சரிபார்க்கப்படவில்லை' என்றே காட்டப்படும்."

பக்கத்தைத் திறந்தேன். ஆம். நே.யின் பெயருக்கருகே சின்னக் கேள்விக்குறி.

இந்த நாட்டில் ஓர் அலுவலகம் 'அது எங்கள் தவறு' என்று எழுதி நான் கண்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் என் பிறந்த திகதியைப் பிழையாகப் பதிந்தார்கள். அந்தப் பிழையான திகதியில்தான் ஓய்வுபெறப்போகிறேன்.


யூலை 12, சனி

காலை பத்துக்கு மின்வெட்டு. பதினொன்றுக்கு வந்தது. பம்பி திருத்தியாயிற்று, வாஷரல்ல, குழாயில் வெடிப்பு. கௌரி உடுப்பு தோய்க்கிறாள். நான் முன்னறையில் தரவுத்தளத்துக்குள்.

எதிரியின் பலம் பார்க்கப் போனேன். மதியச் சாப்பாட்டை மறந்தேன்.

ஒரு பிரதிகூட மிஞ்சாத விளையாட்டுக்கு ஒரு பக்கம். விளம்பரத் துண்டொன்றை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர், பல ஆண்டாக, அது உண்மையில் இருந்ததா என்று விசாரிக்கிறார்கள். இன்னொன்றில் ஒரு பெட்டியின் நீலம் எந்த நீலம் என்று விவாதம். ஒருவர் வெயிலில் படம் எடுத்து அனுப்புகிறார், மற்றவர் நிழலில். கடைசியில் இரண்டு அச்சுப்பதிப்புகள் இருந்தன, இரு பகுதியாரும் சரி என்று முடிவு. ஒருவரும் மற்றவரை வெல்லவில்லை. நீலம் வென்றது.

'நன்றி' என்ற தலைப்பின் கீழே வருகிறவர்களுக்கும் பக்கம் இருக்கிறது. தேநீர் கொடுத்தவர். ஒரேயொரு கதவின் ஓசையைப் பதிந்து கொடுத்தவர். அந்தக் கதவோசைக்காரர் இறந்த செய்தியை ஒருவர் சேர்த்திருக்கிறார். ஆதாரம் கேட்டு, பெற்று, பதிந்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு மாற்றமும் சேமிப்பில் உண்டு. யார் எப்போது எந்தக் காற்புள்ளியை எடுத்தார் என்பதுவரை. அதை எழுதியவர்களின் பெயரோ பக்கத்தில் எங்குமில்லை. தேடிப்போனால் மாத்திரம், வரலாற்றுப் பகுதியில், சிறிய எழுத்தில். இங்கே கோயிலுக்கு ரியூப்லைற் கொடுத்தவர் அதன்மேல் தன் பெயரைப் பெரிதாக எழுதிவைப்பதால் வெளிச்சமே வெளியே வருவதில்லை.

சம்பளமில்லை. மேடையில்லை. பொன்னாடையில்லை. யார் இவர்கள்? எந்த அறைகளில் இருந்துகொண்டு இதைச் செய்கிறார்கள்? சின்ன வயதில் முதன்முதலாகத் தொலைநோக்கியில் வியாழனின் சந்திரன்களைப் பார்த்தபோது வந்த அதே உணர்வு. இவ்வளவு காலமும் அங்கே சுற்றிக்கொண்டிருந்திருக்கின்றன, எவரும் பார்க்காமலே.

"இஞ்சேருங்கோ, சோறு ஆறுது" என்று கௌரி மூன்றாம் தரம் கூப்பிட்டாள். "என்ன, உதுக்குள்ளை கோயில் கண்டமாதிரி இருக்கிறியள்?"

எழுந்து போனேன். ஒட்டி மீன் குழம்பு. நல்ல உறைப்பு.


யூலை 13, ஞாயிறு

நே. வாட்ஸப்பில் அழைத்தான். பின்னால் பனிக்கட்டி போட்ட கண்ணாடிக் குவளையின் சத்தம். அங்கே அவனுக்குச் சனி இரவு.

"மச்சான்! எப்பிடியடா சுகம்? கௌரி எப்பிடி? கேட்டதாச் சொல்லு."

"சொல்லுறன்."

"அந்த வெப்சைற்றிலை என்ரை பேருக்குப் பக்கத்திலை ஏதோ கேள்விக்குறி போட்டிருக்கிறாங்களடா. யாழ்ப்பாணத்திலையிருந்து எழுதினதாம், உன்ரை பேர் கிடக்கு. நீயே?"

"ஓம். நான்தான்."

குவளையை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"உனக்கென்னடா விசரே? உன்ரை பேரும் வேணுமெண்டால் சொல்லியிருக்கலாமே. விழாவிலை மேடையிலையே சொல்லுறன், 'என்ரை நண்பனும் உதவி செய்தவன்' எண்டு."

"கௌரியின்ரை பேர்."

"கௌரியோ? அவள் ரைப் அடிச்சவளெல்லே மச்சான்!"

சிரித்தான். பொய் சொல்கிறவனின் சிரிப்பல்ல. அவன் அதை நம்புகிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு காலமும் அவனுடைய நினைவில் அவள் ஒரு தட்டச்சுக்காரியாகவே இருந்திருக்கிறாள். விசைப்பலகைக்கு முன் அவள் இருந்தாள், பின்னால் அவன் நின்றான். நின்றவன் முதலாளி, இருந்தவள் எழுத்துவேலை.

"நேசன், இன்னொருதரம் அப்பிடிச் சொல்லாதை" என்றேன். மெதுவாகவே சொன்னேன். "விழாவுக்கு வா. நான் வாழ்த்துரைக்கு வாறன்."

"அதுதானே பாத்தன்! நீ எங்கடை ஆளடா."

தொடர்பைத் துண்டித்தேன். இன்றைய கையெழுத்து மிகவும் வடிவு.


யூலை 15, செவ்வாய்

சோழகத்தோடு புழுதி. மருதனார்மடச் சந்தியில் நே.யின் படம் போட்ட பதாகை. மரக்கறிக் கடைகளுக்கு மேலே, இரண்டு ஆள் உயரம். கௌரி தினமும் அவ்வழியால்தான் பாடசாலைக்குப் போகிறாள். மறைத்து இனிப் பயனில்லை.

அவளே தொடங்கினாள். கைப்பையைக் கொழுவியபடி, "உவன் நேசன் நல்லாய்க் கொழுத்துப்போனான் என்ன?"

"வாசிச்சனீரோ, என்ன எழுதியிருக்கு எண்டு?"

"ஓம். தந்தையாம்." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "பிள்ளை ஆர் பெத்தது எண்டு எழுதேல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். அழைப்பிதழையும் காட்டினேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "விடுங்கோ. எனக்கு இன்னும் நாப்பது தாள் கிடக்கு" என்றாள்.

பிறகு பாசியின் புதிய செய்தியைக் காட்டினேன். இன்று மதியம் வந்தது. மூவருக்கும் பொதுவாக எழுதியிருக்கிறார்: நே.க்கு, எனக்கு, என் வழியாக அவளுக்கு. சாரம்:

"இந்த விளையாட்டின் இயந்திரக் கட்டளைகளைப் பிரித்து வாசித்தேன். பிழை என்று நாங்கள் பதிந்த நடத்தைக்கெனத் தனியான ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கிறது. கிளியை நிறுத்துகிறது, தலைப்புக்கு அனுப்புகிறது, இருமுறை மின்னச் செய்கிறது, மீண்டும் அழைக்கிறது. மிகவும் கவனமாக எழுதப்பட்டது. பிழைக்காக எவரும் இவ்வளவு சிரமப்படமாட்டார்கள். இது ஏதோ ஒன்றைச் சொல்கிறது, எனக்கு அது விளங்கவில்லை. இது எதற்காக? மூவரும் தனித்தனியே எழுதுங்கள். மூன்று பதிலும் வந்தபிறகே வெளியிடுவேன்."

கௌரி நின்றபடி வாசித்தாள். பிறகு இருந்து வாசித்தாள்.

"உவை எங்கை இருக்கிறவை?"

"பின்லாந்தாம். அங்கை இப்ப இரவிலும் வெளிச்சமாம்."

"பிழையெண்டு ஆர் சொன்னது?"

"நேசன்."

தாள்கட்டை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். கௌரிக்குக் கோபம் வந்ததை மணவாழ்க்கையில் சில தடவைகளே கண்டிருக்கிறேன். சத்தமே இராது. பொருட்கள் நேராக அடுக்கப்படும்.

"பிழையோ?" என்றாள். "நான் எழுதினது பிழையோ?"


யூலை 16, புதன்

அவள் பாடசாலைக்கு லீவு போட்டாள். பிள்ளைகள் அளவுகடந்து மகிழ்ந்திருப்பார்கள்.

என் பதிலை முதலில் அனுப்பினேன். ஒரு வரி: "அது எதற்காக என்று எனக்குத் தெரியாது." எழுதக் கடினமாக இருந்தது. ஆனால் வேறு பதில் என்னிடம் இல்லை.

கௌரி தமிழிலேயே எழுதினாள். "இங்கிலீசிலை எழுதினால் அவைக்குச் சுகமெல்லே" என்றதற்கு, "நான் விளையாடினது தமிழிலை. அவை ஆளைப் பிடிச்சு வாசிக்கட்டும்" என்றாள். நான் தட்டச்சுச் செய்வதற்கு உட்கார்ந்தேன். "எழும்புங்கோ" என்றாள்.

அவள் எழுதியதை எனக்கும் சொல்லிக்கொண்டே எழுதினாள். அப்போதுதான் எனக்கே தெரியவந்தது.

"உடுவிலிலை எங்கடை வீட்டு ஒழுங்கையிலை பெட்டையள் கிளித்தட்டு விளையாடேக்குள்ளை, விழுந்தவளை அடிக்கிறேல்லை. எல்லாரும் நீளப் பாவாடை. தடக்கும், விழுவம். விழுந்தால் கிளி துரத்துறதை விட்டிட்டுத் தலைப்புக்குப் போகோணும். அங்கை நிண்டு ரெண்டுதரம் கைதட்டோணும். அதுக்குள்ளை விழுந்தவள் எழும்பி, புழுதி தட்டி, பாவாடையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாள். பிறகுதான் ஆட்டம். பொடியள் அப்பிடி விளையாடுறேல்லை. அவங்களுக்குத் தெரியாது."

மூலையில் மோதுவது விழுவது. சிமிட்டுவது எழும்புவது. மின்னல் இரண்டும் கைதட்டு இரண்டு. என் கண்ணுக்கு முன்னால் எத்தனை தடவை ஓடியது! ஆண்கள் ஆடும் ஆட்டம் என்றே நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சில நேரம் கிளி திரும்பாமல் வாறதெண்டும் எழுதியிருக்கினம்" என்றேன்.

"ஒருக்காத்தானே மன்னிப்பு! அதே ஆட்டத்திலை ரெண்டாந்தரம் விழுந்தால் அது கள்ள விழுகை. கிளி திரும்பாது. நேரை வந்து அடிக்கும்."

"அதையும் நிரலிலை எழுதினனீரோ?"

"எழுதாமல்? முதல் எழுதேல்லைத்தான். உவன் நேசன் ஒவ்வொரு மூலையிலையும் முட்டி முட்டி விழுந்து வெண்டுகொண்டிருந்தவன். அவனுக்காகத்தான் அந்தக் கணக்கை வைச்சனான். அடுத்தநாள் வந்து ரெண்டுதரம் தோத்தவன், பிறகு அவன் அதை விளையாடவே இல்லை."

அவளுக்குச் சிரிப்பு. நான் திரையில் அவள் எழுதியதை மறுபடி வாசித்தேன். ஓர் ஒழுங்கையின் பெண்பிள்ளைகள் தமக்குள் செய்துகொண்ட சட்டம். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அதை ஒருத்தி மண்ணெண்ணெய்ப் புகைக்குள் இருந்துகொண்டு இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவளூர் வேறாகி, வீடு வேறாகி, அந்தச் சட்டம் ஒரு தட்டில் உலகமெல்லாம் அலைந்தது. பிறகு வெளிச்சம் மாறாத ஒரு நாட்டில், தமிழ் தெரியாத ஒருவர் அதன்முன் குனிந்து, இது ஏதோ ஒன்றைச் சொல்கிறது என்கிறார்.

இரண்டாந்தர விழுகையையும் சேர்த்து எழுதி அனுப்பினாள். உடனே போய்த் தாள் திருத்தத் தொடங்கினாள்.


யூலை 18, வெள்ளி

வெள்ளி, மரக்கறி. முருங்கைக்காய் விலை கேட்கவே பயம்.

கல்லூரியில் இருக்கும்போது பதில் வந்தது. விரிவுரையை இடையில் நிறுத்தி வாசித்தேன். இதற்குமுன் செய்திராத செயல்.

பாசி மூன்று பதில்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வெளியிட்டிருக்கிறார். நே.யின் பதில் நீளமானது. நினைவகம், வேகம், அக்காலத்து வசதியீனம், தன் இளமைப் போராட்டம். கௌரியின் பதிலை மலேசியாவில் ஒரு தமிழர் ஆங்கிலமாக்கியிருக்கிறார். அவரும் அங்கே விளையாட்டுகளைப் பதிகிறவர்தான். அடியில் தன் குறிப்பாக ஒரு வரி: "பேச்சுத்தமிழை அப்படியே காப்பாற்ற முடியவில்லை, மன்னிக்கவும்."

பிறகு பாசி: "ஒரு விடயத்தை உங்கள் மூவரிடமும் வேண்டுமென்றே சொல்லாதிருந்தேன். அந்தப் பகுதியின் முடிவில், எத்தனையாம் முறை என்று கணக்கெடுக்கும் ஓர் எண்ணி இருக்கிறது. முதல் முறைதான் கிளியை அனுப்புகிறது. இரண்டாம் முறை அனுப்புவதில்லை. அதை எழுதியவர் மட்டுமே அறிந்திருக்கமுடியும். கௌரி அறிந்திருக்கிறார். இன்று நான் விளையாடிப் பார்த்தேன். முதல் முறை விழுந்தேன், கிளி காத்திருந்தது. இரண்டாம் முறை வேண்டுமென்றே விழுந்தேன். கிளி நேரே வந்தது. எழுந்து நின்று சிரித்தேன். நன்றி."

மாணவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "சேர், வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "விரிவுரையைத் தொடருவம்." எந்த இடத்தில் விட்டேன் என்பது மறந்துபோயிற்று.


யூலை 20, ஞாயிறு

பக்கம் மாறியிருக்கிறது. பிழைகள் என்ற பகுதியே இல்லை. 'விதிகள்' என்று புதிதாக ஒன்று: விழுந்தவரைத் தொடுவதில்லை, ஒரு முறை மட்டும். மூலம்: உடுவிலில் ஓர் ஒழுங்கை, பெண்பிள்ளைகளின் ஆட்டமுறை.

உருவாக்கம், நிரலாக்கம், விதிகள்: கௌரி.

என் பெயர் நிரலாக்கத்தில் இல்லை. நான் முதலில் எழுதிய 'நானும்' நீக்கப்பட்டிருக்கிறது. கௌரி எழுதியனுப்பியபடி 'கோடுகளும் எழுத்துருவும்' என்பதில் இருக்கிறேன். ஒரு நிமிடம் குத்தியது. பிறகு பார்த்தேன்: அதுவே சரி. அளந்து வைத்ததுபோலச் சரி.

நே.யின் பெயரை முற்றாக எடுக்கவேண்டும் என்று எழுதத் தொடங்கியிருந்தேன். கௌரி பின்னால் வந்து வாசித்துவிட்டாள்.

"எடுக்காதையுங்கோ. கொம்பியூட்டர் அவன்ரை. ஜெனறேற்றர் அவன்ரை. மண்ணெண்ணெய் அவன்ரை தேப்பன் வாங்கினது. அதைப் போடச் சொல்லுங்கோ."

"அவன் உம்மை ரைப் அடிச்சவள் எண்டவன்!"

"ரைப்பும் நான்தானே அடிச்சனான்." கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். "பொய் எழுதிறதுக்கோ இவ்வளவு பாடுபட்டனியள்?"

அழித்தேன். அவள் சொன்னபடியே எழுதினேன். தரவுத்தளத்தில் அதற்கும் ஒரு தலைப்பு இருக்கிறது: 'வன்பொருள் உதவி.' நே. அங்கே போனான். எல்லாவற்றுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். என் கோபத்துக்கு மட்டும் ஒரு தலைப்பைக் காணவில்லை.

மாலை செல்வராசா வீட்டுக்கு வந்தார். பக்கத்தை யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாளி வியர்வை.

"சேர், அழைப்பிதழ்க் காட் எல்லாம் அடிச்சாச்சு. 'தனியொருவராக' எண்ட இடத்திலை ஒரு ஸ்ரிக்கர் ஒட்டலாம் எண்டு சங்கத்திலை கதைபடுது. அக்காவை மங்கள விளக்கேத்த விடலாம் எண்டும்..."

"விளக்கேத்தவோ?" என்றாள் கௌரி உள்ளிருந்து. "நெருப்புப்பெட்டி ஆரின்ரை பேரிலை பதியிறது?"

செல்வராசா தேநீரைப் பார்த்தார்.

"வாழ்த்துரைக்கு வருவன்" என்றேன். "அந்தப் பக்கத்தை மேலையிருந்து கீழைவரை வாசிப்பன். வேறொண்டும் சொல்லமாட்டன்."

"சங்கத்திலை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன் சேர்."

பிஸ்கட்டைத் தொடாமலே போனார். படலையைச் சாத்தவில்லை, பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்து கறிவேப்பிலையில் பாதி முடித்துவிட்டது.


யூலை 22, செவ்வாய்

காற்று விழுந்துவிட்டது. இரண்டு வாரத்தில் முதன்முறையாக வேம்பு அசையவில்லை. சந்தியில் பதாகையைக் கழற்றியிருக்கிறார்கள். விழா 'தவிர்க்கமுடியாத காரணங்களால்' பிற்போடப்பட்டதாம். நே.யிடமிருந்து ஒன்றுமில்லை.

தாள்கள் முடிந்தன. கௌரி சந்தோஷமாக இருந்தாள், அல்லது களைத்திருந்தாள். எனக்கு இன்னும் வித்தியாசம் பிடிபடவில்லை.

அவளுக்கென ஒரு தனிப்பக்கம் திறக்கிறார்களாம். பாசி விபரம் கேட்டிருந்தார். இம்முறை அவள் சொல்ல, நான் தட்டச்சு. குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் நின்றோம். தகப்பனாரின் பெயரைப் போடவா, என்னுடையதைப் போடவா என்று கேட்டேன்.

"அவர் கொம்பியூட்டரைக் கண்ணாலையும் காணேல்லை. நீங்கள் கோடு கீறினீங்கள். ரெண்டும் வேண்டாம்."

வெறுமையாக விட இயந்திரம் மறுத்தது. ஒரு புள்ளி வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஏற்றுக்கொண்டது.

பிறந்த இடம். எழுதினேன். தொழில். எழுதினேன். கடைசிக் கேள்வி: "வேறு விளையாட்டுகள் ஏதாவது உருவாக்கியிருக்கிறீர்களா?"

அவளைக் கேட்காமலே 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். என் கையின்மேல் கையை வைத்தாள்.

"ஓம் எண்டு போடுங்கோ."

திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப?"

"உங்களைக் கட்ட முன்னமும். கட்டின பிறகும்."

'இல்லை'யை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். 'ஓம்' என்று எழுதினேன். அதன் கீழே ஒரு கட்டம் திறந்தது: பெயர்கள், ஒவ்வொன்றும் தனி வரியில்.

"எழும்புங்கோ" என்றாள். எழுந்தேன். அவள் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு இருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.